சென்னை – போர்ட்பிளேயர்: ரெண்டு மணி நேரமா, பதிமூணு நாளா?

போன சனிக்கிழமை இங்கே சிகாகோவில் ஒரு நண்பர் வீட்டில் பாட்லக். இட்லி, புளியோதரை, யாரோ மனசாட்சி இல்லாமல் கொண்டுவந்த பாஸ்தா எல்லாம் முடிந்து பேஸ்மெண்டில் உட்கார்ந்து, வழக்கம்போல ஊருக்குப் போகிற டிக்கெட் விலையைத் திட்டிக்கொண்டிருந்தோம். டிசம்பரில் ஊருக்குப் போகிற ஒருவர், "சென்னையில இருந்து அந்தமான் எவ்வளவு தூரம் இருக்கும்? பசங்களை ஒரு நாலு நாள் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன்" என்று கேட்டார். பக்கத்திலிருந்தவர் உடனே போனைத் தட்டிப் பார்த்துவிட்டார். 1370 கிலோமீட்டர், ரெண்டேகால் மணி நேரம். "அட, நம்ம டல்லாஸ் தூரம்தான்!" அவ்வளவுதான், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு போன் பண்ணும்போது இதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ரெண்டு மணி நேரமா? உங்க பெரியப்பாவுக்கு அது பதிமூணு நாள் தூரம்ப்பா" என்றார்.

அந்தக் கதை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இந்தத் தடவை போனை வைத்த பிறகு, இந்தத் தூரத்தின் கதையைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். அதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு வேடிக்கை. நம்மில் பலர் படித்த பொது அறிவுப் புத்தகங்களிலும், இன்றைக்கும் பல சுற்றுலாக் குறிப்புகளிலும் சென்னையிலிருந்து போர்ட்பிளேயருக்குக் கடல்வழியில் 1190 கி.மீ. என்று போட்டிருக்கும். விமானம் போகிற நேர்கோடே 1370 கி.மீ. நேர்கோட்டை விடக் கப்பல் பாதை எப்படிக் குறைச்சலாக இருக்க முடியும்? கடலுக்கு அடியில் சுரங்கமா இருக்கிறது?

இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் வந்த ஆங்கிலக் கலைக்களஞ்சியக் குறிப்புகளைப் பார்த்தால் விடை கிடைக்கிறது. போர்ட்பிளேயரிலிருந்து கடல்வழியாகக் கல்கத்தா 780 மைல், மெட்ராஸ் 740 மைல், ரங்கூன் 387 மைல் என்று அதில் இருக்கும். கப்பல்காரர்கள் சொல்கிற மைல் கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. 740-ஐ அதால் பெருக்கினால் 1370 வருகிறது, கன கச்சிதமாக. ரோட்டு மைல் என்று நினைத்து 1.609-ஆல் பெருக்கினால்? 1190! கல்கத்தாவுக்கு 1255 கி.மீ. என்று போட்டிருப்பார்கள், அதுவும் 780-ஐ ரோட்டு மைல் கணக்கில் பெருக்கியதுதான். மெட்ரிக் முறைக்கு மாறிய காலத்தில் ஏதோ ஒரு குமாஸ்தா எந்த மைல் என்று கேட்காமல் பெருக்கிவிட்டார் என்பது என் ஊகம். அதைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து இன்னொருவர். ஒரு பெருக்கலில் கடலே 180 கி.மீ. சுருங்கிவிட்டது. நான் எட்டாம் வகுப்பில் இதை மனப்பாடம் பண்ணி ஒரு மார்க் வாங்கியிருக்கிறேன். அந்த மார்க்கை இப்போது யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தக் கடலைத் தாண்டிய தமிழர் என்றால் உடனே ராஜேந்திர சோழன் ஞாபகம் வரும். 1025 வாக்கில் அவன் கடல் கடந்து ஸ்ரீவிஜயத்தின் மேல் படையெடுத்ததைச் சொல்லும் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று ஒரு பெயர் வருகிறது. அது நிக்கோபார் என்பது ஆய்வாளர்கள் கருத்து. எத்தனை நாளில் போனார்கள் என்பதைக் கல்வெட்டு சொல்வதில்லை. காற்று சரியாக இருந்தால் போவது, இல்லையென்றால் காத்திருப்பது, அவ்வளவுதான் அன்றைய டைம்டேபிள். (2024 செப்டம்பரில் போர்ட்பிளேயருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். எங்கள் வீட்டில் இன்னும் போர்ட்பிளேயர்தான். மெட்ராஸையே இன்னும் விடாத குடும்பம் நாங்கள்.)

ஆங்கிலேயர்கள் 1789-ல் ஆர்ச்சிபால்ட் பிளேரை அனுப்பிக் குடியேற்றம் ஆரம்பித்து, நோயில் ஆட்கள் செத்து விழ, 1796-ல் மூட்டை கட்டிவிட்டார்கள். மறுபடி வந்தது 1857 எழுச்சிக்குப் பிறகு. 1858 மார்ச் 4 கல்கத்தாவிலிருந்து கிளம்பிய கப்பல், 200 கைதிகளோடு மார்ச் 10 போர்ட்பிளேயரில் நின்றது. ஆறு நாள். அதற்கப்புறம் மகாராஜா என்கிற நீராவிக் கப்பல் கைதிகளை ஏற்றி ஏற்றி இறக்கியது. மெட்ராஸ் மாகாணத்துக் கைதிகளுக்கு மெட்ராஸ் துறைமுகம்தான் கடைசியாகப் பார்க்கிற கரை. 1921 கலகத்துக்குப் பிறகு மலபார் மாப்பிள்ளைமார் ஆயிரக்கணக்கில் அனுப்பப்பட்டார்கள். மலபாரும் அப்போது மெட்ராஸ் மாகாணம்தான்.

'காலாபானி' என்றால் கடலைத் தாண்டினால் சாதி போய்விடும் என்கிற பயம் என்று எழுதுவார்கள். நம் பக்கத்துக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது என்பது என் எண்ணம். அதே காலத்தில்தான் நாகப்பட்டினத்திலிருந்தும் மெட்ராஸிலிருந்தும் லட்சக்கணக்கான தமிழர்கள் பினாங்குக்கும் ரங்கூனுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். போர்ட்பிளேயரை விட ரங்கூனும் பினாங்கும் இன்னும் தூரம். அங்கே போக வட்டிக்குக் கடன் வாங்கிக் கப்பல் ஏறிய ஆள், 'தீவாந்தரம்' என்ற ஒரு வார்த்தைக்கு நடுங்கினான். கடல் ஒன்றுதான். ஒன்றில் திரும்பி வருவதற்கு ஒரு கணக்கு இருந்தது, மற்றதில் இல்லை. நம் சினிமாக்காரர்களுக்கும் அந்தப் பயம் நன்றாகத் தெரியும். 1952-ல் எம்.ஜி.ஆர். நடித்த 'அந்தமான் கைதி', 1996-ல் 'சிறைச்சாலை'. நடுவில் 1978-ல் சிவாஜி மட்டும் 'அந்தமான் காதலி' என்று போய்விட்டு வந்தார்!

தீவுக்கு விமானம் வந்தது போரோடு. 1942 மார்ச்சில் ஜப்பான்காரர்கள் தீவைப் பிடித்து, உள்ளூர் ஜனங்களை அடித்து வேலை வாங்கி ஓடுதளம் போட்டார்கள். 1943 டிசம்பர் 29-ம் தேதி நேதாஜி விமானத்தில் வந்து இறங்கி, மறுநாள் கொடியேற்றினார். இன்று நம்ம பசங்க ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டு இறங்குகிற விமான நிலையம், அந்த ஓடுதளத்திலிருந்து வளர்ந்ததுதான். சுதந்திரத்துக்குப் பிறகு ஆரம்பகால விமானங்கள் கல்கத்தாவிலிருந்து கிளம்பி, ரங்கூனில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டு போர்ட்பிளேயர் போயின. இந்தியாவின் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போக நடுவில் பர்மா! சிரிப்பு வந்தாலும் வரைபடத்தைப் பார்த்தால் நியாயம் தெரியும். ரங்கூன் அங்கிருந்து 680 கி.மீ.தான், சென்னையில் பாதி. பாங்காக் 900. கோலாலம்பூர் ஏறக்குறைய சென்னை அளவு, 1400. (மலேசிய நண்பர்களுக்கு: 2024 நவம்பரில் உங்கள் ஊரிலிருந்தே நேர் விமானம் விட்டார்கள்.)

ஆனால் அறுபது எழுபதுகளில் சம்பளக்காரனுக்கு விமானம் என்பது அண்ணாந்து பார்க்கிற சமாச்சாரம். கப்பல்தான். சென்னையிலிருந்து சுமார் 60 மணி நேரம். 740 கடல் மைலை 60-ஆல் வகுத்தால் மணிக்குப் பன்னிரண்டு சொச்சம் கடல் மைல், நல்ல சைக்கிள்காரர் வேகம்.

பெரியப்பா 1968-ல் அந்தக் கப்பலில்தான் போனார். மன்னார்குடி பக்கம் எங்கள் கிராமத்தில் அப்போது தொடர்ந்து விளைச்சல் சரியில்லை. யாரோ சொல்லி, சாத்தம் தீவில் 1883-லிருந்து ஓடிக்கொண்டிருந்த அரசாங்க மர அறுவை மில்லில் வேலை கிடைத்தது. பங்க் வகுப்பு. அடித்தட்டில் இரும்புப் படுக்கை, ஒன்றுக்கு மேல் ஒன்று. முதல் நாள் முழுக்க வாந்தி, இரண்டாம் நாள் பக்கத்துப் படுக்கைக்காரர் கொடுத்த ஊறுகாய், மூன்றாம் நாள் அவரோடு உறவுமுறை கொண்டாடுகிற அளவுக்குச் சிநேகம். எங்களுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்லும்போது வாந்தியைத்தான் ரொம்ப ரசித்துச் சொல்வார். தீவில் இருக்கிறவர்கள் இந்தியாவை 'மெயின்லேண்ட்' என்பார்கள். பெரியப்பாவும் லீவுக்கு வந்தால் "மெயின்லேண்டுல வெங்காயம் என்ன விலை?" என்று கேட்பார். அப்பாயிக்கு அந்த வார்த்தை பிடிக்காது. ஊர் என்று சொல்ல என்ன கேடு என்பாள்.

1974-ல் தாத்தா இறந்துபோனார். தந்தி அடித்தார்கள், 'ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இமீடியட்லி'. அந்தக் காலத்துத் தந்தியில் சீரியஸ் என்றால் என்ன அர்த்தம் என்பது எல்லோருக்கும் தெரியும். மறுநாளே தந்தி கைக்குக் கிடைத்துவிட்டது. மில்லில் லீவும் உடனே கொடுத்துவிட்டார்கள். ஆனால் மெட்ராஸ் கப்பல் அதற்கு முந்தின நாள்தான் போயிருந்தது. அடுத்தது ஆறு நாள் கழித்து. அந்த ஆறு நாளும் பெரியப்பா தினம் சாயங்காலம் ஜெட்டிக்குப் போய் நின்றாராம். கப்பல் கிடையாது என்று தெரியும், இருந்தாலும் போய் நின்றாராம். கப்பல் வந்து ஏறி, வழியில் கடல் சரியில்லாமல் ஒரு நாள் தாமதம், மெட்ராஸில் இறங்கி ராத்திரி ரயில் பிடித்து ஊர் வந்து சேர்ந்தது பதிமூணாவது நாள் காலையில்.

மூத்த மகன் இல்லாததால் இருபது வயதில் அப்பாதான் கொள்ளி வைத்தார். பெரியப்பா வந்து சேர்ந்ததும் அழக்கூட இல்லையாம். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே ஆற்றங்கரைக்குப் போய், எரித்த இடத்தைக் காட்டச் சொன்னாராம். காட்டுவதற்கு அங்கே என்ன இருக்கும்? பதினாறாம் நாள் கருமாதிக்கு மட்டும் அவர் முன்னால் உட்கார்ந்தார்.

அப்பா சொல்கிற கணக்கு இதுதான். கப்பல் ஓடியது மூன்று, நான்கு நாள். மீதி எல்லாம் கப்பலுக்காக நின்றது. எந்தப் புத்தகத்திலும் தூரம் என்று எழுதும்போது இந்த நிற்பதைச் சேர்த்துக்கொள்வதில்லை.

இதைப் படிக்கிற சிலருக்கு இன்னொரு கதை நெருக்கமாக இருக்கும். போர்ட்பிளேயரோடு இந்தத் தூரம் முடிந்துவிடாது. தெற்கே கார் நிக்கோபார், கச்சால், நான்கவுரி என்று போய், கடைசியில் இந்திரா முனை. போர்ட்பிளேயரிலிருந்தே அது 540 கி.மீ. அங்கிருந்து பார்த்தால் சுமத்ரா 150 கி.மீ. சொச்சம், சென்னையோ 1600-க்கு மேல். கச்சாலில் அரசாங்கம் ரப்பர் தோட்டம் போட்டபோது, 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களில் சில குடும்பங்களை அங்கே குடியேற்றினார்கள். யோசித்துப் பாருங்கள். பாட்டன் பூட்டன் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கமிருந்து கண்டிக்குக் கடல் தாண்டினார்கள். நூறு வருடம் கழித்துப் பேரனிடம் 'உன் நாட்டுக்குப் போ' என்றார்கள். நாட்டுக்கு என்று வந்தவனை இன்னொரு கப்பலில் ஏற்றி, சென்னையை விட சுமத்ரா கிட்டே இருக்கிற தீவில் இறக்கினார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் மிக மோசமாக அடிபட்ட தீவுகளில் கச்சாலும் ஒன்று. கார் நிக்கோபார் விமானப்படைத் தளமே நொறுங்கிப்போனது. 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபாரில் நூற்றுக்குப் பதினைந்து பேரின் தாய்மொழி தமிழ். மில்லுக்கு, காட்டு வேலைக்கு, ரோடு வேலைக்கு, கடை வைக்க என்று வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.

கடிகாரத்தைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நாமெல்லாம் வீட்டில் இரண்டு கடிகாரம் மாட்டி வைத்திருக்கிற ஜாதி. சென்னைக்கும் போர்ட்பிளேயருக்கும் சூரியனில் 50 நிமிட வித்தியாசம். பிரிட்டிஷ் காலத்தில் போர்ட்பிளேயருக்கென்று தனி நேரமே இருந்தது, மெட்ராஸ் நேரத்துக்கு 49 நிமிடம் முன்னால். இப்போது நாடு முழுக்க ஒரே நேரம். அதனால் நவம்பரில் அங்கே சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும், மே மாதம் ஐந்து மணிக்கே விடிந்துவிடும். பசங்களைக் கூட்டிப் போகிற நண்பர் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். மத்தியானச் சாப்பாடு முடித்து ஆற அமர பீச்சுக்குக் கிளம்பினால் கும்மிருட்டுதான்.

பெரியப்பா ரிட்டையர் ஆகி ஊருக்கே திரும்பிவிட்டார். அவர் மகன், எனக்கு அண்ணன், அங்கேயே பிறந்து வளர்ந்து அங்கேயே வேலை, அங்கேயே கல்யாணம். அதற்குள் சென்னைக்குத் தினம் பல விமானங்கள் வந்துவிட்டன. பெரியப்பாவைக் கப்பலேற்றாமல் விமானத்தில் ஏற்றி அனுப்பும்போது அண்ணன் சொன்னது, "நீங்க தைரியமாப் போங்கப்பா, ஏதாவதுன்னா ரெண்டு மணி நேரத்துல வந்து நிப்பேன்."

2020 ஏப்ரலில் பெரியப்பா தவறிவிட்டார். கொரோனா இல்லை, வயசுதான். மார்ச் 25-லிருந்து உள்நாட்டு விமானம் எல்லாம் நிறுத்தியிருந்தார்கள், மே 25 வரைக்கும் நிறுத்திதான் வைத்திருந்தார்கள். கப்பலும் கிடையாது. நான் இங்கே சிகாகோவில். சென்னையிலிருந்து 13,800 கி.மீ., போர்ட்பிளேயர் தூரத்தைப் போலப் பத்து மடங்கு. சாதாரண நாளில் ஒரு முழு நாளில் போய்ச் சேர்ந்துவிடுவேன். அன்றைக்கு அண்ணனுக்கும் எனக்கும் ஒரே தூரம்.

இருபது பேருக்கு மேல் கூடக்கூடாது என்ற நேரம். சித்தப்பா மகன் போனில் வீடியோ போட்டுக் காட்டினான். எனக்கு இங்கே படம் பளிச்சென்று தெரிந்தது. அண்ணனுக்கு அங்கே நின்று நின்று வந்தது. சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலுக்கடியில் 2300 கி.மீ. கேபிள் போடுகிற வேலை அப்போது முடிகிற கட்டத்தில் இருந்தது. திறந்தது ஆகஸ்ட் 10-ம் தேதி. அதுவரைக்கும் தீவுக்கு இண்டர்நெட் என்பது பெரும்பாலும் சாட்டிலைட் புண்ணியத்தில் சொட்டுச் சொட்டாக வந்ததுதான். "இப்ப என்ன நடக்குது? இப்ப என்ன?" என்று அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் சிகாகோவிலிருந்து மன்னார்குடியில் நடப்பதைப் போர்ட்பிளேயருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். வாய்க்கரிசி போடறாங்கண்ணா. தூக்கிட்டாங்கண்ணா.

கொள்ளி வைத்தது மறுபடியும் அப்பாதான். 1974-ல் அண்ணன் வர முடியாமல், 2020-ல் அண்ணன் மகன் வர முடியாமல். முதல் தடவை இருபது வயது, இந்தத் தடவை அறுபத்தாறு. எரித்த இடத்தை அப்பாவே ஒரு போட்டோ எடுத்து வைத்திருக்கிறார். ஜூன் மாதம் அண்ணன் வந்து இறங்கியதும் அவர் கேட்காமலே காட்டினார்.

நேற்று மறுபடி போன் பண்ணி அப்பாவிடம் கேட்டேன், டிசம்பரில் நான் வரும்போது அண்ணன் வீட்டுக்கு எல்லோரும் ஒரு நடை போய்விட்டு வரலாமா என்று. அப்பா இதுவரை அந்தத் தீவைப் பார்த்ததில்லை. உடனே சரி என்றார். விமானத்தில் ஜன்னல் சீட்டுக்குச் சொல்லட்டுமா என்றால், "அதெல்லாம் வேணாம், கப்பல் என்னைக்குன்னு உங்கண்ணனைக் கேளு" என்கிறார். கேட்டிருக்கிறேன். எனக்கு இருப்பதே பதினெட்டு நாள் லீவு.